நாலாவது கால்

ரொட்டி வெந்துகொண்டிருந்தது. என் புருஷன் அடுப்புக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து தணலுக்குக் காவல் இருந்தான். நான் தோட்டத்தின் அந்தக் கோடியில் காரமுள்ளங்கி தோண்டிக்கொண்டிருந்தேன். புனித சனிக்கிழமை, காலை பத்தரை மணி, நல்ல வெயில். இதில் பயப்பட என்ன இருக்கிறது, சொல்லுங்கள்.

முதலில் எங்கள் ஊர் இரும்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் செய்த பைத்தியக்காரத்தனம் உங்களுக்குப் புரியாது. நூறு வருஷத்துக்கு முன்னால் முதல் உலகப்போரில் இந்த மலைச்சரிவில் இரண்டு பட்டாளங்கள் இரண்டரை வருஷம் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டே கிடந்தன. சுட்டவனும் போய்ச் சேர்ந்தான், செத்தவனும் போய்ச் சேர்ந்தான், இரும்பைப் பொறுக்கிக்கொண்டு போக மட்டும் ஒருவனும் வரவில்லை. சோச்சா ஆற்றுக்கு மேலே எங்கே மண்வெட்டியைப் போட்டாலும் டங்கென்கிறது. எங்கள் வேலிக்கால் எல்லாம் பட்டாளத்தான் நட்ட கம்பி. பெப்பி அண்ணன் வீட்டுக் கோழி தண்ணீர் குடிப்பது பட்டாளத்தான் தொப்பியில். பீரங்கிக் குண்டின் கூட்டைக் கதவுக்கு முட்டுக் கொடுக்காத வீடு எங்கள் ஊரில் இல்லை. குண்டைக் கண்டால் கிட்டப் போகாதே, அவசர எண்ணுக்குப் போன் போடு என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். எல்லாருக்கும் மனப்பாடம். யார் போடுகிறார்கள்?

என் பெயர் டாரிங்கா. எனக்கு அந்த இரும்புதான் சோறு. உலையில் காய்ச்சி அடித்து ரோஜாப்பூ, மெழுகுத்திரித் தண்டு, கதவுக்கொண்டி என்று செய்வேன். கோடையில் ஆற்றைப் பார்க்க வரும் வெளியூர்க்காரர்கள் வாங்கிக்கொண்டு போவார்கள். வசந்தம் வந்துவிட்டால் எனக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. காலையில் பட்டறை, மத்தியானம் தோட்டம், சனிக்கிழமை ரொட்டி. கையில் கரி போனால் மண், மண் போனால் மாவு. சந்தோஷமான காலம் என்றால் எனக்கு அதுதான்.

பட்டறையில் எனக்கு ஒரு சட்டம் உண்டு. ஊர்க்காரர்கள் கொண்டுவந்து கொட்டுகிற இரும்பு எல்லாம் முதலில் பிளம் மரத்தடியில் கிடக்கும். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பேன். குண்டுக் கூடு மாதிரி எதுவும் வந்தால் வாய் திறந்திருக்கிறதா, உள்ளே காலியா என்று டார்ச் அடித்துப் பார்ப்பேன். சந்தேகம் வந்தால் தொடமாட்டேன், போன்தான். இரண்டு தடவை போட்டிருக்கிறேன், நம்புங்கள். காலி என்று என் கண்ணால் பார்த்துவிட்டால், கனத்துக்காக வாயில் களிமண்ணைத் திணித்து அடைத்து, வயிற்றில் சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்துப் பட்டறைச் சுவரோரம் சாத்துவேன். கோடு போட்டதுதான் வேலைக்கு. கோடு இல்லாததை ஸ்டான்கோ உள்பட ஒரு ஈ காக்கை தொடக்கூடாது.

ஸ்டான்கோ என் புருஷன். முப்பது வருஷம் மலைப்பாதையில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். இப்போது தோட்டம் அவன் ராஜ்ஜியம். நல்லவன், ஆனால் ஒரு காரியத்தைச் சொன்னால் பாதிதான் காதில் போகும். மிச்சப் பாதியை நான் கத்தித்தான் உள்ளே தள்ள வேண்டும்.

மார்ச் மாதம் இரண்டு பேரும் சேர்ந்து தோட்டத்தில் ரொட்டி அடுப்பு ஒன்று கட்டினோம். மின்சார அடுப்பில் வேகிற ரொட்டி எனக்கு ஆகாது. அகலமான கல்லின் மேல் விறகை எரித்து, கல் காய்ந்ததும் தணலை ஒதுக்கி, நடுவில் மாவை வைத்து, இரும்பு மூடியால் கவிழ்த்து, மூடியின் மேல் தணலை வாரிப் போட்டு வேகவிட வேண்டும். மூடி நானே அடித்தது. கல், இடிந்துபோன பழைய மாட்டுக்கொட்டகையின் வாசற்படி. கல்லுக்கு நான்கு கால் வேண்டுமே? "செவத்தோரம் கோடு போட்ட கூடு கெடக்கு, நாலு எடுத்து மூக்கு கீழ, அடிப்பக்கம் மேல வர்ற மாதிரி பாதி பொதச்சு நட்டுரு" என்றேன். நட்டான். கல்லைத் தூக்கி மேலே வைத்தோம். அசையவில்லை. மறு வாரம் திராட்சைக்கொடி வெட்டுகிறேன் என்று ஏணியில் ஏறி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டான். முழங்கால் வரைக்கும் மாவுக்கட்டு, இரண்டு பக்கமும் ஊன்றுகோல். ஆகவே இந்தச் சனிக்கிழமைதான் அடுப்புக்கு முதல் தீ.

பன்னிரண்டரைக்குச் சாமியார் கோயிலில் பண்டிகைச் சாப்பாடு வைத்த ஈஸ்டர் கூடைகளை மந்திரிப்பார். பன்றித்தொடை தயார், சாயம் போட்ட முட்டை தயார். ரொட்டியும் காரமுள்ளங்கியும்தான் பாக்கி.

"நெருப்ப வேடிக்கை பாக்காதே, பாத்துக்கோ" என்றேன் ஸ்டான்கோவிடம்.

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"ஒண்ணுல ரொட்டி கருகும், இன்னொண்ணுல கருகாது. முப்பது வருஷம் ரோட்ட வேடிக்கை பாத்துட்டா பஸ் ஓட்டினே?"

"ஆமா. நல்ல ரோடு" என்றான்.

காரமுள்ளங்கியை நீங்கள் நட்ட இடத்தில் தேடக்கூடாது, அது போன இடத்தில் தேட வேண்டும். இந்த வருஷம் பிளம் மரத்தடிக்குப் போயிருந்தது, என் இரும்புக் குவியலுக்குப் பக்கத்தில். மண்ணைக் கிளறி, வேரைப் பிடித்து இழுத்து, உதறி நிமிர்ந்தேன். குவியலில் ஒரு துருப்பிடித்த கம்பி. அதன் மேல் வெள்ளைக் கோடு.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. நான் பார்க்காத இரும்பில் எவன் கோடு போட்டான்? பக்கத்தில் ஒரு மண்வெட்டித் தலை, அதிலும் வெள்ளை. ஒரு தகரத்திலும் வெள்ளை. ஸ்டான்கோவைக் கூப்பிட்டு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அப்போதுதான் மரத்தைப் பார்த்தேன். இடுப்பு உயரத்துக்குப் பளிச்சென்று சுண்ணாம்பு. மார்ச் தொடக்கத்தில் எல்லா மரத்துக்கும் அடிப்பானே, புழு ஏறாமல் இருக்க, வெயிலில் பட்டை வெடிக்காமல் இருக்க. ஊரில் எல்லாரும் அடிப்பதுதான். ஆனால் இவனுக்கு ஒரு பழக்கம். மட்டையில் சுண்ணாம்பு அதிகமாகிவிட்டால் பக்கத்தில் எது இருக்கிறதோ அதில் ஒரு தட்டுத் தட்டி, ஒரு இழுப்பு இழுத்து வழிப்பான். வேலிக்கால், வாளி, கல். பிளம் மரத்தடியில் பக்கத்தில் இருந்தது என் குவியல்.

சரி, கழுவிவிட்டால் போகிறது என்று நினைத்தேன். நிஜமாக அப்படித்தான் நினைத்தேன். குனிந்து தகரத்தை நகர்த்தினேன். அதன் கீழே புல் வெளுத்துப்போய் ஒரு பள்ளம். என் கை நீளம், தொடை கனம். ஏதோ ஒன்று குளிர்காலம் முழுக்க அங்கே கிடந்திருக்கிறது, இப்போது இல்லை.

சுவரோரம் நான் எத்தனை கூடு வைத்தேன்? மனசுக்குள் எண்ணினேன். ஜனவரியில் பனி கொட்டிக்கொண்டிருந்த நாள் அது. ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவதற்குக் களிமண் திணிக்கும்போது விரல் மரத்துப்போய், மிச்சத்தை நாளைக்குப் பார்க்கலாம் என்று உள்ளே போய்விட்டேன். அந்த நாளை வரவேயில்லை. மூன்றுதான் இருந்தன. நான் இவனிடம் நாலு எடு என்றேன்.

தலையைத் திருப்பினேன். முப்பது அடி தூரத்தில் அடுப்பு. கல்லின் மேல் காலை எட்டு மணியிலிருந்து எரிந்த தீயின் தணல், குவியல் குவியலாக. ஸ்டான்கோ முக்காலியில் சாய்ந்து, வெயிலுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு, மாவுக்கட்டுக் காலை நீட்டி வைத்திருக்கிறான். நீட்டிய காலுக்கு அரை முழம் தள்ளி, கல்லுக்கு அடியில், பாதி மண்ணில் புதைந்து நிற்கிறது நாலாவது கால். அதன் மேல் வெள்ளை இருக்கிறது. இங்கிருந்தே தெரிகிறது. என் கோடு நேராக இருக்கும். அது கீழே இரண்டு சொட்டு வழிந்து நிற்கிறது.

"ஸ்டான்கோ" என்று கூப்பிட்டேன். குரல் வரவில்லை.

அந்த நேரம் பார்த்து அடுப்பிலிருந்து "டப்" என்று ஒரு சத்தம்.

இப்போது சொல்லப்போவதைச் சொல்லாமலே விட்டுவிடலாம், யாருக்கும் தெரியாது. நான் ஓடினேன். அவனை நோக்கி இல்லை. எதிர்ப்பக்கம். காரமுள்ளங்கியைக் கையில் பிடித்தபடியே ஓடி, தோட்டத்தின் கல்சுவரைத் தாண்டிக் குதித்து, அந்தப் பக்கம் தலையைக் கைகளால் மூடிக்கொண்டு மண்ணில் விழுந்து கிடந்தேன். என் புருஷன் அங்கே உட்கார்ந்திருக்கிறான் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. என் தலை, என் முதுகு, அதுதான். முப்பத்தொரு வருஷம் கூட வாழ்ந்தவள், ஒரு சத்தத்துக்கு இப்படி ஆனேன்.

ஒன்றும் வெடிக்கவில்லை. குருவி கத்துகிறது. அதற்கு மேல் அவன் குரல்.

"டாரா! கல்லு விரிசல் விட்டுருச்சு! ரொட்டிக்கு ஒண்ணும் ஆகல, பயப்படாதே! எங்க ஓடினே?"

சுவருக்கு மேல் கண்ணை மட்டும் தூக்கிப் பார்த்தேன். முதல் தீ, காய்ந்த பழங்கல், பிளந்துகொண்டது. விரிசல் வழியாகச் சிவப்பாகத் தணல் கீழே உதிர்கிறது. எங்கே உதிர்கிறது என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஸ்டான்கோ சுவர்ப் பக்கம் திரும்பி என்னைத் தேடினான். பிறகு ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு குனிந்து கல்லுக்கு அடியில் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். நிமிர்ந்து, கையைத் தொடையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். எழுந்திருக்கவும் இல்லை, என்னைக் கூப்பிடவும் இல்லை. விரிசலைத்தான் பார்க்கிறான், ரொட்டியைப் பற்றிக் கவலைப்படுகிறான் என்று நினைத்தேன்.

எப்படி எழுந்தேனோ தெரியாது. சுவர் ஏறி, கீரைப்பாத்தி, வெங்காயப்பாத்தி எல்லாவற்றையும் மிதித்துக்கொண்டு போனேன். அடுப்புக்குப் பத்தடி இருக்கும்போது அவன் முகம் சிவந்து கத்தினான்.

"அங்கயே நில்லு! யாரு உன்ன இங்க வரச்சொன்னது?"

"ஸ்டான்கோ, எந்திரி. மெதுவா எந்திரி. அது..."

"போடி அங்கிட்டு! போய் சாமியாரக் கூட்டிட்டு வா, கூடையக் கொண்டு போ, என்ன எழவாவது செய்யி. என்ன விடு. ரொட்டிய நான் பாத்துக்கறேன்."

முப்பத்தொரு வருஷத்தில் அவன் என்னைப் பார்த்து அப்படிக் கத்தியதில்லை. எனக்கு வந்த கோபம்! குண்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, ரொட்டி ரொட்டி என்று அடம்பிடிக்கிறானே என்று பல்லைக் கடித்தேன். "கழுதை, அது குண்டுடா! காலியில்லாத குண்டு! உன் காலுக்குப் பக்கத்துல!" என்று கத்த நினைத்தேன். குசுகுசுவென்றுதான் வந்தது. சத்தம் போட்டாலே அது வெடித்துவிடும் என்று என் புத்திக்குத் தோன்றியிருக்கிறது, பாருங்கள்.

"நீ போ. நான் மெதுவா வர்றேன்" என்றான். குரல் சட்டென்று தணிந்துவிட்டது.

மெதுவா! ஒரு கால் மாவுக்கட்டு, சரிவுத் தோட்டம், ஏழு கற்படி, வாசல் வரைக்கும் நாற்பது அடி. அவன் மெதுவாக வந்தால் ஈஸ்டர் முடிந்து அடுத்த ஞாயிறு வந்துவிடும். எருக்குழிக்குப் பக்கத்தில் ஒற்றைச்சக்கரத் தள்ளுவண்டி நின்றது, பாதி எருவோடு. இழுத்து வந்தேன். அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கினேன். சம்மட்டி பிடித்த கை, அதற்காவது உதவியது. எருவின் மேல் தொப்பென்று உட்கார வைத்தேன். அவன் மாவுக்கட்டு கல்லின் ஓரத்தில் இடித்தது. எனக்கு உயிர் போய்விட்டு வந்தது.

படி வழியாக வண்டி இறங்காது. பக்கத்து மண்சரிவில் இறக்க வேண்டும். முன்னால் வண்டி, பின்னால் நான், எனக்குப் பின்னால் அது. திரும்பிப் பார்க்கவில்லை. முதுகு முழுக்கக் காது முளைத்த மாதிரி கேட்டுக்கொண்டே தள்ளினேன். ஒரு சுள்ளி முறிந்தால் கேட்டது. தணல் உதிர்ந்தால் கேட்டது. சக்கரம் கிறீச் கிறீச் என்று ஊரைக் கூட்டியது. எண்ணெய் போடு, எண்ணெய் போடு என்று எத்தனை தடவை சொன்னேன் இவனிடம். ஒரு கல்லில் சக்கரம் ஏறி வண்டி சாய்ந்தபோது இருவரும் சேர்ந்து "ஐயோ" என்றோம்.

"பஸ் டிரைவர எருவண்டில வச்சுத் தள்றியே" என்றான். வெளுத்துப்போயிருந்தான். ஆனாலும் சொன்னான்.

"வாயத் தொறந்தே, உருட்டி விட்டுருவேன்" என்றேன். எனக்குக் கண்ணீர் மூக்கில் வந்துகொண்டிருந்தது.

தெருவுக்கு வந்து, வளைவு திரும்பி, பெரிய பாறைக்குப் பின்னால் அவனை நிறுத்திவிட்டுப் போன் போட்டேன். எண் தப்பாகவே விழுந்தது, அவன்தான் வாங்கி அழுத்தினான். மறுமுனையில் இருந்த பெண் நிதானமாகப் பேசினாள். எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தள்ளிப் போங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், தணல் தானாக அணையட்டும். அந்தப் பக்கம் யாரையும் விடாதீர்கள். ஆள் வருகிறார்கள்.

யாரையும் விடாதே என்றாளே, அப்போதுதான் எனக்குப் புதுப் பயம் வந்தது. மணி பதினொன்றரை. மேல் வீட்டுக்காரர்கள் எல்லாரும் கூடையை எடுத்துக்கொண்டு கோயிலுக்கு இறங்கப்போகும் நேரம். கோயிலுக்குப் போகிற ஒரே தெரு எங்கள் தோட்டத்துச் சுவரை ஒட்டித்தான் போகிறது. நாலைந்து குடும்பம், குழந்தைகள் வேறு. ஸ்டான்கோவைத் தெருவின் கீழ்முனையில் வண்டியிலேயே உட்காரவைத்துக் காவல் வைத்தேன். நான் சுற்றிக்கொண்டு புல்வெளி வழியாக மேல்முனைக்கு ஓடினேன். மேலே இருக்கிற வீடுகளுக்கு எல்லாம் போனில் சொல்லியாகிவிட்டது, பெப்பி அண்ணன் மட்டும் எடுக்கவில்லை. அவர் போனை எடுத்து நாலு வருஷம் ஆகிறது.

அவர்தான் வந்தார். கோட்டு, தொப்பி, கூடை, மேலே வெள்ளைத் துணி. எழுபத்தெட்டு வயசு. என் குவியலில் பாதி இரும்பு அவர் கொண்டுவந்து போட்டதுதான்.

"அண்ணே, போகாதீங்க. எங்க அடுப்புக்கு அடியில குண்டு இருக்கு."

"எந்த ஊட்டுல இல்ல?" என்றார்.

"விளையாடாதீங்க. நான் பாக்காத குண்டு. மேல தணலு இருக்கு."

மூக்கை உறிஞ்சினார். "ரொட்டி கருகுதும்மா. உனக்கு வாசனை வரல?"

வந்தது. நான் காலையில் நாலு மணிக்கு எழுந்து பிசைந்த மாவு. முதலில் நல்ல வாசனையாக வந்தது, இப்போது கரி வாசனை.

"எங்கப்பாரு அதே மாதிரி ஒண்ணுல நாப்பது வருஷம் வாதுமைக்கொட்டை ஒடச்சாரு. கடைசியில சளி வந்து செத்தாரு, குண்டு வந்து சாகல. தள்ளு, ரெண்டே எட்டுல போயி ரொட்டிய எடுத்துட்டு வந்துடறேன். பண்டிகை அன்னிக்கு ரொட்டிய வேகவிட்டுப் பொசுக்கறதாவது" என்று கூடையை என் கையில் திணித்துவிட்டு நடக்க ஆரம்பித்தார்.

கோட்டைப் பிடித்து இழுத்தேன். உதறினார். கிழவருக்கு இன்னும் பலம் இருந்தது. திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். இந்த ஊரில் என் திட்டுக்கு நிற்காத ஆள் கிடையாது. ஒரு வார்த்தை வரவில்லை. அழுகைதான் வந்தது. கூடையைக் கட்டிக்கொண்டு தெருவில் உட்கார்ந்து, சின்னப்பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதேன். "அண்ணே, போகாதீங்கண்ணே, எனக்குப் பயமா இருக்குண்ணே" என்றேன்.

பெப்பி அண்ணன் திரும்பினார். என்னைப் பார்த்தார். நாற்பது வருஷமாக என்னைத் தெரியும் அவருக்கு. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மெல்ல வந்து என் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தார். "சரி தாயி, போகல" என்றார்.

அன்றைக்குக் கோயில் மணியும் கிடையாது. வியாழக்கிழமை நிறுத்தினால் ஈஸ்டர் உயிர்ப்புப் பூசைக்குத்தான் அடிப்பார்கள். அவ்வளவு அமைதியான நாளில் காத்திருப்பது எப்படி என்று கேட்காதீர்கள். தோட்டத்திலிருந்து வருகிற ஒவ்வொரு சின்னச் சத்தத்துக்கும் பல்லைக் கடித்தேன். புகை கறுத்தது, வெளுத்தது, நின்றது. கீழ்முனையில் ஸ்டான்கோ தனியாக எருவண்டியில் உட்கார்ந்திருக்கிறான் என்று நினைக்க நினைக்க, நான் சுவர் தாண்டிக் குதித்தது மறுபடி மறுபடி கண்ணில் வந்தது. குண்டைவிட அதுதான் அதிகம் உறுத்தியது.

வெடிகுண்டு எடுக்கிறவர்கள் இரண்டு பேர் வந்தார்கள். தணல் ஆறும்வரை அவர்களும் காத்திருந்தார்கள். நாலு மணிக்கு மேல் உள்ளே போனார்கள். ஐந்தரைக்கு வெளியே வந்தார்கள். மணல் பெட்டியை வண்டியில் ஏற்றியபின், அவர்களில் பெரியவர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"முழுசு இருக்கும்மா. மருந்து இருக்கு, வெடிமுனையும் இருக்கு. துரு உருண்டையா மூடிக்கிட்டு இருக்கு, அவ்வளவுதான்."

"சூடு பட்டும் ஏன் வெடிக்கல?"

"எனக்குத் தெரியாது" என்றார். "உங்களுக்கும் தெரிய வேணாம். உங்க குவியல் முழுக்க எடுத்துட்டுப் போறோம்."

எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். கோடு போட்டதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன்.

பெப்பி அண்ணன் மனைவி அரை ரொட்டி கொடுத்தனுப்பியிருந்தாள். சாமியார் எங்கள் வீட்டு வாசலில் நின்றே கூடையை மந்திரித்துவிட்டுப் போனார். வீட்டுச் சமையலறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். ஸ்டான்கோ மேல் இன்னும் எரு நாற்றம் அடித்தது. நான் தட்டை வைத்தேன், பன்றித்தொடையை நறுக்கினேன், கத்தியைக் கீழே வைத்தேன். சொல்லாவிட்டால் தொண்டையில் ஒரு வாய் இறங்காது என்று தெரிந்துவிட்டது.

"நான் முதல்ல ஓடிட்டேன்" என்றேன். "கல்லு வெடிச்சப்ப. உன்ன விட்டுட்டு ஓடினேன். செவத்துக்குப் பின்னாடி படுத்துக் கெடந்தேன்."

"பாத்தேன்" என்றான்.

"பாத்தியா?"

"குவியலப் பாத்தே, அடுப்பப் பாத்தே, ஓடினே. நீ ஒரு கல்லு வெடிச்சதுக்கா ஓடுவே? அப்பதான் குனிஞ்சு நாலாவத பாத்தேன். சரி, இவ தப்பிச்சுட்டான்னு நிம்மதியா இருந்துச்சு. அதுக்குள்ள திரும்பி வந்து நிக்கிறே."

"அதான் கத்தினியா? போடின்னு?"

"வேற எப்படிச் சொன்னா நீ போவே?"

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அவன் மாவுக்கட்டைத் தட்டியபடி ஒரு ரொட்டித்துண்டைத் தின்றான். அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

"குனிஞ்சு நாலையும் பாத்தியா?"

"இல்ல. நாலாவததான்."

"நாலாவதுதான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

மெல்லுவதை நிறுத்தினான். தட்டைப் பார்த்தான்.

"மார்ச்சு மாசம் அத எடுத்தப்பவே சந்தேகமாத்தான் இருந்துச்சு" என்றான். "செவத்தோரம் மூணுதான் கெடந்துச்சு. இது மரத்தடியில. கோடு இருந்துச்சு, ஆனா வழிஞ்சிருந்துச்சு. மூக்குல களிமண்ணா துருவான்னு தெரியல. கேக்கலாம்னு தூக்கிட்டுப் பட்டறை வாசலுக்கு வந்தேன்."

"எங்கிட்டயா? நான் என்ன சொன்னேன்?"

"நீ ஒண்ணும் சொல்லல. நீ என்னப் பாக்கவே இல்ல. ஒரு கொண்டி சரியா வரலன்னு அதத் திட்டிட்டு இருந்தே. கொஞ்ச நேரம் நின்னேன். கேட்டா, 'கோடு இருக்குல்ல, கண்ணு அவிஞ்சா போச்சு'ம்பே நீன்னு நெனச்சேன். திரும்பிப் போயி நட்டுட்டேன்."

"நான் அப்படிச் சொல்லவே இல்லையே ஸ்டான்கோ."

"சொல்லல" என்றான். "நீ சொல்லுவேன்னு நெனச்சேன்."

நான் சண்டைக்குப் போகவில்லை. அவன் சொன்னது சரி. அப்படித்தான் சொல்லியிருப்பேன், அதே வார்த்தை. பதினைந்து கிலோ சாவைக் கையில் ஏந்திக்கொண்டு என் வாசலில் நின்றிருக்கிறான், என்னை ஒரு கேள்வி கேட்பதைவிட அதைச் சுமந்துகொண்டு போவது அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

"இன்னும் என்னென்ன கேக்காம விட்டிருக்கே?" என்றேன். முடிந்த அளவு மெல்லத்தான் கேட்டேன். "இந்த முப்பத்தொரு வருஷத்துல. சொல்லு. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

அவன் தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் தூக்கி என் முகத்தைப் பார்த்தான். நெற்றியைப் பார்த்தான், வாயைப் பார்த்தான். அந்தப் பார்வையை எனக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து தெரியும். மந்தமானவன், யோசித்துத்தான் பேசுவான் என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறேன். காலையில் சுவருக்கு மேல் கண்ணை மட்டும் தூக்கி நான் அந்த அடுப்பைப் பார்த்தது அதே பார்வைதான்.

"சொல்லு" என்றேன்.

"ஒண்ணுமில்ல" என்றான் ஸ்டான்கோ. "சாப்பிடு."